லைன் வீடும் அடைத்த கதவும்

கேள்வி இது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாகக் கோத்தகிரிப் பக்கம் பிறந்த ஒருவர், முதுகலைத் தமிழுக்கு 'வறுமையும் வீடும்' என்ற பொருளில் ஆய்வேடு எழுதப் போகிறார். நீலகிரியையும் பழனி மலையையும் களமாக வைத்துக்கொள்ள ஆசை. சங்கப் பாட்டிலிருந்து தொடங்குவதா, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டிலிருந்து தொடங்குவதா, வீட்டில் எதை அளப்பது, என்ன தாள்களைக் கேட்பது, எங்கே சறுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

எதிலிருந்து தொடங்கினாலும் சரிதான். ஆனால் இரண்டையும் கோக்க ஒரு நூல் வேண்டும். வறுமை, வீடு என்ற இரண்டு பெரிய சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பக்கம் ஏறும், பிடி கிடைக்காது. என் யோசனை, கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவை அடைக்க, திறக்க, பூட்ட, பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பிவர யாருக்கு உரிமை இருந்தது என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். கூரையும் சுவரும் அதற்கு அப்புறம்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களைதான் முதல் சான்று. கண் திறக்காத குட்டி முலையைப் பற்ற, பொறுக்கமாட்டாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. கழிகள் சோர்ந்த பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியில் இடை ஒடுங்கிய கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுபவன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அடுத்து வருவது 'மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து' என்ற அடி. விவரம் தெரியாதவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று கூசி, கதவைச் சாத்திவிட்டுச் சுற்றமெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து தின்கிறார்கள். உப்புக்கு வழியில்லாத வீட்டிலும் சாத்துவதற்கு ஒரு கதவு இருக்கிறது. வறுமையை வர்ணிக்க எத்தனையோ பாட்டு உண்டு. வறுமைக்குள் வீடு என்ன வேலை செய்கிறது என்று சொல்ல இந்த ஒரு அடி போதும்.

இது திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டுப் பாட்டு. ஆனால் இதே பாட்டில்தான் கான மயிலுக்குக் கலிங்கம் கொடுத்த ஆவியர் பெருமகன் பேகனும் வருகிறான். அவனுடைய பொதினி இன்றைய பழனி. மயில் அகவியதைக் குளிரில் நடுங்குகிறது என்று அவன் எண்ணியதைக் கொடைமடம் (யோசியாத கொடை) என்று சொல்லிவிட்டு நகர்வது வகுப்பறை வழக்கம். உங்களுக்கு வேண்டியது அவனைப் பற்றிய அடுத்த செய்தி. தன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்திருந்த பேகனிடம் புலவர்கள் பலர் போய்ப் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அந்தப் பாடல்கள். 145இல் பரணர் சொல்வது: 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே'. பசித்து வரவில்லை, சுமக்கச் சுற்றமும் எங்களுக்கு இல்லை. இன்றிரவே தேரேறிப் போய் உன்னை நினைத்து வருந்துகிறவளின் துயரைத் தீர், அதுதான் நாங்கள் இரக்கும் பரிசில் என்கிறார். இரக்க வந்தவன் வள்ளலைப் பார்த்து வீட்டுக்குப் போ என்கிறான். செல்வம் இருந்தும் வீடு பாழாக இருக்கலாம் என்பது பழனி மலையடிவாரத்தில் அன்றே பாடப்பட்ட விஷயம்.

வள்ளல் குமணனையும் விடாதீர்கள். அவனுடைய முதிர மலையை உடுமலைப் பக்கம், பழனி மலைத்தொடரின் மேற்கு ஓரத்தோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அவனிடம் போன பெருந்தலைச் சாத்தனார் சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி (காளான்) பூத்திருப்பதைச் சொல்கிறார் (புறம் 164). பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். 'இல்உணாத் துறத்தலின் இல்மறந்து உறையும்' சிறுவன் என்கிறார் (புறம் 160). வீட்டில் சோறு இல்லை, அதனால் பையன் வீட்டையே மறந்து வெளியில் திரிகிறான். வந்தால் வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். ஒரே அடியில் 'இல்' இரண்டு முறை வருகிறது. இல் என்றால் வீடு. இல் என்றால் இல்லாமை. வேர் ஒன்றா என்பதை மொழிநூலாருக்கு விட்டுவிடுங்கள். வீடு என்பதும் விடு என்பதும் ஒன்று, வீடென்றால் முத்தி என்று ஆரம்பித்து அரை அத்தியாயம் எழுதவேண்டாம். பலர் எழுதியாயிற்று.

ஒன்று எச்சரிக்கை. இந்தப் பாட்டுகள் மக்கள்தொகைக் கணக்கு அல்ல. பரிசில் கேட்கப் போகிறவன் தன் அடுப்பைச் சான்றாக எடுத்துப் போகிறான். கேட்பவன் மனம் இளக வேண்டும். எனவே 'சங்க காலத்தில் வீடுகள் இப்படி இருந்தன' என்று எழுதாமல், 'வறுமையைச் சொல்ல வந்தவர்கள் வீட்டின் எந்தப் பகுதியைக் காட்டினார்கள்' என்று எழுதுங்கள். அடுப்பு, வெறும் பானை, கதவு. கூரை ஒழுகுவதை விட அடுப்பு எரியாததுதான் அவர்களுக்கு வீடு கெட்டதன் அடையாளம்.

இனி நீலகிரி. இங்கே முதல் சறுக்கல், சிறிய வீட்டை எல்லாம் ஏழை வீடு என்று படிப்பது. தோடர் குடியிருப்பான மந்தில் இருக்கும் அரைப்பீப்பாய் வடிவ வீட்டின் வாசல் மூன்றடிக்கும் குறைவான உயரம். தவழ்ந்துதான் போக வேண்டும். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு காற்றுக்கும் குளிருக்கும் ஏற்றபடி கட்டியது. வந்த வெள்ளைக்காரர்களில் சிலர் அதை ஏழ்மையாகப் பார்த்து எழுதினார்கள். எருமை மந்தையும் மேய்ச்சல் புல்வெளியும் கையில் இருந்தவர்களின் வீடு அது. புல்வெளி கைமாறிச் சீகை மரமும் யூகலிப்டஸுமாக ஆன பிறகுதான் வறுமை என்ற சொல் அங்கே பொருந்துகிறது. ஜான் சல்லிவன் ஊட்டியில் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவையும் இந்தக் குனிந்து நுழையும் வாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மலையில் வீடு என்ற எண்ணம் இரண்டாகப் பிரிந்த இடம் தெரியும். ஒருவர் தம் நாட்டை நினைத்துக்கொண்டு அதன் சாயலில் வீடு கட்டுகிறார். அந்த வீட்டைச் சுற்றி மற்றவரின் வீட்டு முற்றத்தில் எல்லைக்கல் விழுகிறது. கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மதபோதகர்கள் கட்டிய முதல் பங்களாக்களும் இதே கணக்குதான், நோய்க்கும் வெயிலுக்கும் பயந்து ஏறியவர்கள். அதை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் நுட்பமானது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு என்றால் உடனே அடிமை வாழ்வு என்று எழுதிவிடுகிறோம். படுகர் ஊரான ஹட்டிக்குப் போய்ப் பாருங்கள். அங்கும் பழைய வீடுகள் வரிசைதான். சுவரோடு சுவர் ஒட்டி, முன்னால் பொது முற்றம், உள்ளே பால் வைக்கப் புனிதமான தனியறை. வடிவத்தை மட்டும் பார்த்தால் லைன் வீட்டுக்கும் ஹட்டிக்கும் உறவு தெரியும். ஹட்டியில் இருப்பவரை யாரும் நாளைக்கு வெளியே போ என்று சொல்ல முடியாது. லைனில் சொல்ல முடியும். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' ஹட்டி வாழ்வு தேயிலையாலும் மின்திட்டத்தாலும் மாறுவதைக் காட்டுகிறது. அதைப் படிக்கும்போது குடும்பம் உடைவதையும் வீடு பறிபோவதையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். அங்கே உடைவது கூட்டுக்குடும்பம். நிலம் அவர்களுடையது.

சரி, லைன் வீடு. இலங்கை மலையகத்தில் லயம் என்பார்கள். அறையைக் காம்பரா என்பார்கள், அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். முன்திண்ணையை இஸ்தோப்பு என்பார்கள், அது டச்சுக்காரர் சொல். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பாடி என்ற சொல்லும் கேட்கும். அது பணியர் என்ற பழங்குடியினர் தங்கள் குடியிருப்புக்குச் சொல்லும் பெயரும் கூட. உங்கள் தாத்தா பாட்டி எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். ஒரே ஆள் ஒரே பேச்சில் காம்பரா, லைன், வீடு மூன்றையும் சொல்வார். எப்போது எதைச் சொல்கிறார் என்பதே ஒரு இயல்.

இலங்கைக் காம்பராவுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 10க்கு 12 அடி. 120 சதுர அடி. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 24 சதுர அடி, ஆறடிக்கு நாலடி, அதாவது ஒரு கட்டில் இடம். அடுப்பு, தண்ணீர்க் குடம், விறகு, கொழுந்துக் கூடை எல்லாம் அந்தக் கட்டிலுக்குள் அடங்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின்சுவரில் ஜன்னலே வராது. காற்று ஒரு பக்கம் மட்டும். புகை கதவு வழியாகத்தான் போக வேண்டும். ஆக, கதவைச் சாத்திவிட்டுச் சமைக்க முடியாது. கிணைமகளுக்கு இருந்த ஒன்று இங்கே கட்டட வரைபடத்திலேயே இல்லாமல் போனது. சங்கப் பாட்டையும் லைன் வீட்டையும் ஒரே ஆய்வேட்டில் வைக்க நியாயம் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக வைத்தது. நல்ல பிரிவுதான். 16ஆம் பிரிவு, மாநில அரசு எவற்றுக்கெல்லாம் விதி செய்யலாம் என்று அடுக்குகிறது. அதில் ஒரே உட்பிரிவுக்குள் மூன்று விஷயம் அடுத்தடுத்து வரும்: வீடு ஒதுக்குவது, வீட்டை ஒட்டிக் காய்கறித் தோட்டம் போடக் கொஞ்சம் நிலம் ஒதுக்குவது, தொழிலாளியையும் குடும்பத்தையும் அந்த வீட்டிலிருந்து வெளியேற்றுவது. பீன்ஸ் பந்தலும் வெளியேற்றமும் ஒரு மூச்சில். இந்தச் சட்டம் 2020இன் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது அதன் எழுபதாண்டு நடைமுறை.

அந்த நடைமுறை எப்படி வறுமையைப் பிடித்துவைக்கிறது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் 'சுரண்டல்' என்று ஒரு சொல் போட்டுத் தாண்டிவிடுவார்கள். வாடகை இல்லாத வீடு என்பது கூலியின் பகுதி. வீடு கொடுத்திருக்கிறோமே என்பது கூலிப் பேச்சில் ஒரு வாதமாக வரும். கூலி குறைவாக இருந்தால் வெளியே மனை வாங்கச் சேமிக்க முடியாது. மனை இல்லாததால் ஓய்வுபெறும்போது லைனை விட முடியாது. பல தோட்டங்களில் சாவியை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை என்ற நிலை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமோ 30 நாளுக்குள் கொடுக்கச் சொன்னது. ஆண்டுக்கு 15 நாள் கூலி என்ற கணக்கில் வரும் அந்தத் தொகையை வைத்துத்தான் வெளியே வீடு பார்க்க வேண்டும்; தொகை வர முதலில் வீட்டை விட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கக் குடும்பங்கள் கண்ட வழி, பிள்ளைகளில் ஒருவர் பெயரைத் தோட்டத்திலேயே பதிந்துவைப்பது. மகளோ மருமகளோ கொழுந்துக்குப் போகும்வரை கதவு நமக்கு. வீட்டைக் காப்பாற்ற ஒருத்தி மலையில் நிற்கிறாள். தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கும் பெயர்; முழு அளவு பறிக்காத நாளுக்கு அரைப்பேர். பேர் இருந்தால்தான் வீடு என்பது இரண்டு பொருளிலும் உண்மை.

ஆணி அடிக்கிற விஷயத்தைக் கேளுங்கள். தகரக் கூரையில் ஆணியை நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை விழுந்து ஒழுகும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பல லைன்களில் கூரைமேல் கல்லும் பழைய டயரும்தான் கனம். பராமரிப்பு தோட்டத்தின் கடமை, தோட்டம் செய்யவில்லை. நாமே செலவழித்தால் நாளைக்கு வீடு இன்னொருவருக்குப் போகலாம். இரவில் அடுப்பு ஆவியும் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். மழை இல்லாத மார்கழியிலும் படுக்கை நனைவது இதனால்தான். உள்ளே ஒரு மட்டம் பலகையோ பாயோ அடித்தால் பெரும்பாலும் நிற்கும். அடித்திருக்கிறார்களா, யார் காசில், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பின்சுவருக்கும் வெட்டிய மண்திட்டுக்கும் இடையில் இடைவெளியும் வாய்க்காலும் இருக்கிறதா என்று பாருங்கள். மண் சுவரை ஒட்டியே நின்றால் தென்மேற்குப் பருவம் முழுக்கச் சுவர் ஊறும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பூச்சு உதிர்ந்திருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மண்சரிவில் இந்த வெட்டுச் சரிவு வீடுகளின் கதையும் உண்டு. சரிவின் அடியை வெட்டி, மேலே தண்ணீர் போக வழி வைக்காமல், கல் சுவரில் நீர் கசியத் துளை விடாமல் கட்டினால் மலை ஒரு நாள் இறங்கும். விலை குறைந்த மனை அங்கேதான் கிடைக்கும் என்பதை வறுமை அத்தியாயத்தில் சேருங்கள்.

லைனில் ஒரு கட்டடம் மட்டும் சிமென்ட்டும் வண்ணமுமாக நிற்கும், மாரியம்மன் கோயில். தொழிலாளர் தங்கள் கூலியில் பிடித்துக் கட்டியது. அம்மனை யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். திருவிழாக் கணக்கு நோட்டு கிடைத்தால் நகலெடுங்கள். வெளியேறிப்போனவர்கள் எந்த ஊரிலிருந்து வரி அனுப்புகிறார்கள் என்பது அதில் இருக்கும். அவர்களுக்கு 'ஊர்' எது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் அமையாது.

இப்போது உங்கள் குடும்பக் கதையின் பொதுப்பகுதி. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்காகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று வைக்கப்பட்டார்கள். 1974இல் அந்த மீதியைப் பாதிப் பாதியாக, 75,000 வீதம் பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலிக்குப் போனவர்களை நோய் பார்த்து அனுப்பிய அதே மண்டபம். திரும்பியவர்களுக்கு அரசு தந்த பெயர் தாயகம் திரும்பியோர். அவர்களில் பலர் தாயகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. தாத்தா துறையூர், முசிறி, புதுக்கோட்டை என்று சொன்ன ஊர்ப்பெயர் மட்டும் தெரியும். நீலகிரிக்காரர்கள் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன். சொந்த ஊர் எது என்ற கேள்வியைப் பேட்டியில் மூன்று முறை, வேறு வேறு இடத்தில் கேளுங்கள். மூன்று பதில் வரும், மூன்றும் சரி.

இவர்களுக்காகத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. காட்டு நிலத்தில் தேயிலை நட்டு, பக்கத்தில் லைன் கட்டிக் குடியேற்றினார்கள். நிலம் வனத்துறையுடையது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 2022இல் அதில் 2,152 ஹெக்டேரை மீண்டும் வனத்துறைக்கே ஒப்படைக்க அரசு முடிவுசெய்தபோது, நிலத்துக்குத் திரும்பிப்போக ஓர் இடம் இருந்தது. 2006இன் வன உரிமைச் சட்டம் கைகொடுக்குமா என்றால், பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1968க்குப் பின் வந்தவருக்கு அந்தக் கணக்கு எட்டாது.

தோட்டத்தை விட்டு வெளியே குடிசை போட்டவர்களும் கூடலூர்ப் பக்கம் ஏராளம். அங்கே நிலச் சிக்கல் தனி நூல். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை உடைமை) நிலங்களை, உழுபவர் அரசுக்கே நேராக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969இல் சட்டம் வந்தது. குத்தகைத் தோட்டங்கள் பற்றிய அதன் 17ஆம் பிரிவுக்குள் விழுந்த நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கிலும் இழுபறியிலும் கிடக்கின்றன. 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: பட்டா இல்லை, பட்டா இல்லாததால் மின் இணைப்புக்குப் பல்லாண்டு அலைச்சல். ஆக்கிரமிப்பு என்று வருவாய்த்துறை கொடுக்கும் பி மெமோவை மக்கள் கிழித்துப் போடுவதில்லை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி கட்டிய அபராத ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். இந்த ஆண்டு இந்த இடத்தில் இருந்தோம் என்று அரசே எழுதிக்கொடுத்த தாள் அது ஒன்றுதான். குற்றத்துக்கான சீட்டு குடியிருப்புக்குச் சான்றாக மாறும் இந்த இடம் உங்கள் ஆய்வேட்டின் நடுவில் வரவேண்டியது.

இலக்கியப் பக்கம் இதற்கு இணையாக எவற்றை வைப்பது? பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டு பிஜித் தீவைப் பற்றியது. ஆனால் 'நாட்டை நினைப்பாரோ' என்று தொடங்கி 'அன்னை வீட்டை நினைப்பாரோ' என்று வரும் கேள்வி எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும். அங்கே வீடு என்றால் பின்னால் விட்டுவந்தது, அம்மாவுடையது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. ஊரில் வீடு எப்படிக் கழன்றுபோகிறது என்ற முதல் பகுதியைத் தோட்டத்துப் பகுதியை விடக் கூர்ந்து படியுங்கள். இலங்கை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் நாவலுக்குப் பெயரே 'வீடற்றவன்'. சங்கம் சேர்க்க முனைந்தவனுக்கு வேலையோடு இருப்பிடமும் போகிறது. மேலே சொன்ன 16ஆம் பிரிவை இன்னொரு நாட்டில் கதையாகப் படிப்பது போல இருக்கும்.

தோட்டத்து நாட்டார் பாடல்களில் ஒன்று கவனியுங்கள். 'கூனி அடிச்ச மலை, கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்' என்ற பாட்டில் விரல் நீட்டுவது மலையை நோக்கி. ஆம்பி பூத்த புறநானூற்று வீட்டுக்காவது அடுப்பு இருந்தது. இந்தப் பாட்டில் அடுப்பே வரவில்லை. இது போன்ற பாடல்களைத் தொகுத்து அடுப்பு, கதவு, கூரை, நிரை, மலை, கங்காணி, துரை என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். என் கணிப்பில் மலையும் துரையும் முன்னே நிற்கும், கதவு கடைசியில் வரும், எண்ணாமல் எழுதிவிடாதீர்கள்.

வேறு சில எச்சரிக்கைகள், வேகமாக. 'எரியும் பனிக்காடு' நாவல் ஆனைமலைத் தோட்டக் கதை. அங்குள்ள வால்பாறையை நீலகிரியோடு ஒட்டாதீர்கள். 1964 ஒப்பந்தப்படி வந்த தாயகம் திரும்பியோர் இந்தியக் குடிமக்கள். 1983 கலவரத்துக்குப் பின் வந்து முகாமில் இருப்பவர்கள் அகதிகள், அவர்களிலும் மலையக வம்சாவளியினர் உண்டு. இருவரையும் 'இலங்கைத் தமிழர்' என்று ஒரே பெட்டியில் போட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். பழனி மலையின் பழங்குடியான பளியரைப் பற்றி எழுதும்போது பாறைப் புடவில் (குகையில்) தங்குவதை வீடின்மை என்று எழுதவேண்டாம். தேன், கிழங்கு என்று பருவத்துக்கு இடம் மாறுகிறவருக்கு அது தங்கல். அரசு கட்டிக்கொடுத்த வரிசைக் காலனி வீடு காலியாகக் கிடந்தால், காட்டுக்கு எவ்வளவு நடை, தண்ணீர் எங்கே, இறப்பு நேர்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கிறார்களா என்று கேட்டபின் முடிவுக்கு வாருங்கள்.

கள வேலைக்கு ஒரு 5 மீட்டர் நாடா, கட்டம் போட்ட நோட்டு, திசைகாட்டி போதும். பத்து வீடு நன்றாக அளந்தால் போதும், நூறு வேண்டாம். ஒவ்வொன்றிலும் அறையின் நீளம், அகலம், சுவரின் கனம், கூரையின் தாழ்ந்த உயரமும் உயர்ந்த உயரமும், கதவின் உயரம், அது உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், பூட்டு யார் வாங்கியது. பிறகு இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று படத்தில் கோடு போடச் சொல்லுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் சேலைத் தடுப்பு எங்கே கட்டுகிறார்கள் என்பது அதில் தானாக வரும், நீங்கள் கேட்கவேண்டாம். சேர்த்துக் கட்டிய பகுதிகளைத் தனி நிறத்தில் போடுங்கள்: பின்பக்கச் சமையல் சாய்ப்பு, கோழிக்கூடு, குளியல் மறைப்பு. அனுமதி இல்லாமல் கட்டியதாக இருந்தால் படத்தில் லைனின் எண்ணை எழுதாதீர்கள், ஆளுக்கு வேறு பெயர் வையுங்கள். உங்கள் ஆய்வேடு நூலகத்துக்குப் போகும், அங்கிருந்து தோட்ட அலுவலகத்துக்கும் போகலாம்.

தாள்களில் முதலில் கேட்க வேண்டியது இலங்கையில் இந்தியத் தூதரகம் தந்த குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும். வந்த தேதி, குடும்பத்தில் எத்தனை பேர், எந்தத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டார்கள் என்பது அங்கே தெரியும். டான்டீக்கு வந்தவர், நூற்பாலைக்குப் போய் அங்கிருந்து மலைக்கு வந்தவர், வியாபாரக் கடன் வாங்கிச் சமவெளியில் கடை போட்டு நொடித்து ஏறியவர் என்று வழிகள் வேறு. அப்புறம் ரேஷன் கார்டில் முகவரி எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தோட்டப் பெயரும் லைன் எண்ணுமா, தெருப் பெயரா. எந்தத் தாளையும் வெளியே எடுத்துப் போகாதீர்கள், கடைக்குப் போய் நகலெடுத்துத் தருகிறேன் என்று சொல்லியும். வீட்டிலேயே போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டுக்காரர் கையாலேயே உறையில் திரும்பப் போகட்டும்.

போகும் நேரம் மாலை நாலரைக்குப் பிறகு, கொழுந்து நிறுத்து வந்து கால் கழுவியபின். ஞாயிறு காலை வேண்டாம், சந்தை நாள். சாப்பாட்டு நேரத்தில் போக நேர்ந்து, கதவு சாத்தியிருந்தால் தட்டாமல் பீலியடியிலோ (தண்ணீர் பிடிக்கும் இடம்) கோயில் திண்ணையிலோ உட்கார்ந்திருங்கள். அளந்து வரைந்த படத்தில் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள், அளவுகளைத் தமிழில் எழுதி, தேதி போட்டு.